ஞாபகம் இல்லை

கீழ்த்தளத்து அறைக்கு ஜன்னல் கிடையாது. நீளமான மேசையின் ஒரு பக்கம் கீலியும் எதிர்ப்பக்கம் ஜுபைரும் நின்றுகொண்டு, மறுநாள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய காகிதங்களைத் துளையிட்டுக் கோப்புகளில் கோர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருடைய போன்களும் மேசை நடுவில் கிடந்தன.

பயிற்சி வழக்கறிஞர் இடத்துக்கான கடைசி நேர்காணலுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அன்று மதியம் தெரியும். நாலே இடம். விண்ணப்பித்தவர்கள் அறுநூறு பேருக்கு மேல் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள். சட்டம் படித்து முடித்துவிட்டு இந்த வழக்கறிஞர் நிறுவனத்தில் உதவியாளர்களாக உழைக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் அதில் அடக்கம். இரண்டு வருடப் பயிற்சி இடம் கிடைத்தால் வழக்கறிஞர் ஆகலாம். கிடைக்காவிட்டால் இப்படியே துளை போட்டுக்கொண்டிருக்கலாம், அதுவும் அவர்கள் வைத்திருக்கிறவரைக்கும். கீலியின் ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது. லீட்ஸ், மான்செஸ்டர், லண்டன் என்று அவள் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பதில் வந்திருந்தது. இம்முறை தகுதியானவர்கள் மிக அதிகம்.

"ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? தாளெல்லாம் ஈரமாகுது பாரு," என்றான் ஜுபைர்.

"மெயில் இன்னும் வரலயே."

"எனக்கு மட்டும் வந்துருச்சா? பிராட்ஃபோர்டுக்காரன் எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்குவான்."

அவன் போன்தான் முதலில் அதிர்ந்தது. படித்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த காகிதக் கட்டை எடுத்தான். "போச்சு," என்றான். அவள் ஏதாவது சொல்வதற்குள் அவள் போனும் அதிர்ந்தது. முதல் வரி அவளுக்கு விளங்கவில்லை. திரும்பப் படித்தாள்.

"கூப்பிட்டிருக்காங்க ஜுபைர். வியாழக்கிழமை."

அவன் மேசையைச் சுற்றி வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏய், அழுது தொலைக்காதே. இதெல்லாம் நனைஞ்சா திரும்ப நான்தான் அச்சடிக்கணும்."

கதவு திறந்தது. ஃப்ரேசர் லிண்ட்லி தலையை நீட்டினார். விபத்து இழப்பீட்டுப் பிரிவின் பார்ட்னர், கீலியின் மேலதிகாரி. அவளுடைய விண்ணப்பத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவரும் அவர்தான். "நானும் பஸ் டிரைவர் மகன்தான், கீலி. நம்ம மாதிரி ஆளுங்க ரெண்டு மடங்கு நல்லா எழுதணும்," என்று சொல்லியிருந்தார்.

"கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம்," என்றார். "ஒரு நிமிஷம் மேல வர்றியா?"

தன் அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"மோரீன் சைக்ஸ் கேஸ்ல தேதி போயிடுச்சு."

"எந்தத் தேதி?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும். விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். தேதி நெருங்குகிறது என்று கெட்டில் பக்கத்தில் வைத்து ஒருமுறை, லிஃப்டில் ஒருமுறை அவரிடம் சொன்னவளே அவள்தான். பார்த்துக்கறேன் என்றார். அந்த மாதம் அவர் மனைவி வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

மோரீன் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று இஸ்திரி உருளையின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். கொதிக்கும் உருளை அவள் வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே இழுத்துவிட்டது.

"புகாரைப் பாக்கற பிலிப்பா நாளைக்கு உன்னை விசாரிப்பாங்க," என்றார் ஃப்ரேசர். "நான் என்ன சொல்லியிருக்கேன்னா, வழக்குப் போடலாமான்னு நீ போன்ல பலதடவை கேட்ட, அந்தம்மா முடிவு சொல்லாம இழுத்தடிச்சாங்கன்னு."

"ஆனா அவங்க போடச் சொன்னாங்களே."

"யாருகிட்ட?"

"என்கிட்ட. நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே."

"வாயாலதானே சொன்ன." அவர் குரல் உயரவில்லை. "இங்க பாரு கீலி. அவங்க வேற வக்கீலைப் பார்த்து நம்ம மேலயே கேஸ் போடுவாங்க. போட்டா என் பேரு கெடும், இந்தப் பிரிவு கெடும். வியாழக்கிழமை நேர்காணல்ல நானும் உட்கார்றேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உனக்கு நல்லது நடக்கணும்னுதான் நான் நினைக்கறேன்."

அவள் படியிறங்கினாள். இருக்கைக்கு வந்து உட்கார்ந்ததும் மேசைத் தொலைபேசி அடித்தது. வாரா வாரம் அந்த நேரத்துக்கு வருகிற அழைப்புதான்.

"கண்ணு, நான் மோரீன். தொந்தரவு பண்றேனா?"

"இல்ல மோரீன். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, நம்ம விஷயம் கோர்ட்டுக்குப் போயிடுச்சான்னு கேக்கலாம்னு. குளிர் வந்துட்டா விரல் மடங்கவே மாட்டேங்குது. நேத்து உருளைக்கிழங்கு சீவ முடியல, தோலோடயே வேக வச்சுட்டேன். அது கிடக்கட்டும். என்னமோ பரிட்சைன்னியே, என்னாச்சு?"

"கடைசி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"அடி என் ராசாத்தி! எனக்குத் தெரியும். அந்த ஆபீஸ்ல போனை எடுத்துப் பேசற ஒரே ஆளு நீதான்."

"ஃப்ரேசர் உங்களைக் கூப்பிடுவார், மோரீன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மாலையில் மழையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ஜுபைரிடம் சொன்னாள். அவன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

"பொய் சொல்லி மாட்டினா இந்தத் தொழில்ல உனக்கு ஆயுசுக்கும் இடமில்ல. புரியுதா? வக்கீல் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க."

"பேரு இன்னும் சேரவே இல்லயே."

"சேரவே விடமாட்டாங்க."

"உண்மையைச் சொன்னா?"

அவன் மீண்டும் நடக்கத் தொடங்கினான். மழைத்தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். "நானா இருந்தா சொல்லிருவேன்னு சொல்றது எனக்கு இப்ப சுலபம்," என்றான் கடைசியில். "என்னைத்தான் கூப்பிடலயே."

காசில்ஃபோர்டில் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அம்மா டோனா கூடத்திலிருந்து ஓடிவந்தாள். ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கான நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் மீனும் சிப்ஸும் பொட்டலம் பிரிக்காமல் இருந்தன. தெருவில் யார் யாருக்குச் சொன்னாள் என்று அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு ட்ரேசிக்கு, வார்டில் இருந்த நர்சுகளுக்கு, மீன் கடைக்காரனுக்கு.

"ஏன்டி முகம் வெளுத்துக் கிடக்கு?"

"பயமா இருக்கும்மா."

"இருக்காதா பின்ன? பயந்தாத்தான் நல்லாப் பண்ணுவ. சாப்பிடு." அம்மா வினிகரை ஊற்றினாள். கீலி ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டு, விழுங்க முடியாமல் வைத்திருந்தாள்.

மறுநாள் பிலிப்பா தார்ன்பெரியின் அறையில் கம்பளம் காலடிச் சத்தத்தையே விழுங்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீது வரும் புகார்களைப் பார்ப்பது அவள்தான். நரைத்த தலை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"பயப்படாதே கீலி. உன் மேல யாரும் குத்தம் சொல்லல. திருமதி சைக்ஸ் வழக்குப் போடச் சொல்லி உன்கிட்ட எப்பவாவது தெளிவாச் சொன்னாங்களா?"

போன் வழியாகக் கேட்ட குரல் அப்படியே அவள் காதில் இருந்தது. போட்டுருங்க கண்ணு, எனக்கென்ன பயம், தப்பு அவங்களுது. பின்னணியில் வாஷிங் மெஷின் ஓடியது, நாய் குரைத்தது, மோரீன் அதை அதட்டினாள். கீலி தண்ணீர் டம்ளரைப் பிடித்தாள். குடிக்காமல் தள்ளி வைத்தாள்.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்ல."

பிலிப்பாவின் பேனா நின்றது. அவள் கீலியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னொரு கேள்வி வரும், வந்தால் சொல்லிவிடுவோம் என்று கீலி காத்திருந்தாள். பிலிப்பா பேனாவை மூடினாள்.

"அது போதும்," என்றாள். "நாளைக்கு நல்லாப் பண்ணு."

நேர்காணலில் அவளுக்கு எதிரே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு கேள்வி, முன்கூட்டியே பிரித்து வைத்தது. ஃப்ரேசரின் முறை வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிமிராமல் வாசித்தார்.

"உண்மையைச் சொன்னா உனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் சொன்ன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லு."

அவள் கன்னம் எரிந்தது. படிக்கும் காலத்தில் பல்பொருள் அங்காடியின் கல்லாவில் நின்றதைச் சொன்னாள். ஒரு கிழவருக்கு மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, கடை மூடும்போது தெரிந்து, மேலாளரிடம் தானே போய்ச் சொன்ன கதை. நடந்ததுதான். மற்ற நிறுவனங்களிலும் இதையே சொல்லியிருந்தாள். அங்கெல்லாம் திக்கியது இங்கே திக்கவில்லை. தன் குரல் அவ்வளவு சீராக வருவதைக் கேட்கக் கேட்க அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"நன்றி," என்றார் ஃப்ரேசர், எதையோ குறித்துக்கொண்டே.

இடம் கிடைத்துவிட்டது. அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கீழ்த்தளத்தில் ஜுபைர் கேக் வாங்கி வைத்திருந்தான். எல்லோரும் போன பிறகு, "பிலிப்பாகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டான்.

"ஞாபகம் இல்லன்னு."

அவன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனான்.

கொஞ்ச நாள் கழித்து வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். மோரீன் சைக்ஸ் தன் கோப்பை வாங்க வந்திருக்கிறாள், யாராவது எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று. ஃப்ரேசர் வெளியே போயிருந்தார். கீலிதான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

போனில் கேட்ட குரலைவிட மோரீன் சிறியவளாக இருந்தாள். நனைந்த கோட்டோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, இடது கையால் கீலியின் கன்னத்தைத் தொட்டாள்.

"நீதானா கண்ணு? கிடைச்சிருச்சாமே! அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இனி நீயும் வக்கீலு."

"மோரீன், நான்..." வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கீலி பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"நீ வருத்தப்படாதே. புகாரைப் பாக்கற அந்தம்மா எழுதியிருந்தாங்க. நான்தான் முடிவு சொல்லாம விட்டுட்டேனாம். போடச் சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம்." மோரீன் குரலைத் தாழ்த்தினாள். "வலிக்கு மாத்திரை சாப்பிடறேன் இல்ல, அதுல எனக்குப் பாதி விஷயம் மறந்துபோகுது. வேற வக்கீல்கிட்ட போகலாம்னாங்க. போயி என்னன்னு சொல்லுவேன்? எனக்கே நிச்சயமாத் தெரியலயே."

பெட்டியை அவளால் தூக்க முடியாது. உள்ளிருந்ததைக் கீலி இரண்டு பைகளில் மாற்றி, ஒன்றை அவளுடைய இடது கையில் கொடுத்து, மற்றதை வலது முழங்கை மடிப்பில் மாட்டிவிட்டாள். பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றாள். வேண்டாம், உனக்கு வேலை இருக்கும் என்றாள் மோரீன்.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். படியில் இறங்கும்போது முழங்கையிலிருந்த பை நழுவியது. ஈரத்தரையில் விழுந்த காகிதங்களை அவள் குனிந்து, மடங்காத விரல்களின் ஓரத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகிறவர்கள் குடையை மடக்கிக்கொண்டே அவளைச் சுற்றி நடந்தார்கள்.