மற்றக் கண்

ஓகஸ்ட் 11, ஞாயிறு. இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். நான் செய்யும் கேமில், துவக்கின் ஸ்கோப்புக்குள்ளால் பார்க்கும்போது சுற்றிவர முழுக்கக் கறுப்பாக்கியிருந்தேன். அது சரியில்லை என்று அப்பா சொன்னார். திருத்த வேண்டும்.

லக்சனா அவ்வளவுதான் எழுதியிருந்தாள். மிச்சத்தை எழுதலாமா என்று யோசித்து, வேண்டாமென்று கொப்பியை மூடிவிட்டாள்.

திங்கள் காலை, லிங்கநகர் வீட்டில், அம்மா குணேஸ்வரி அப்பாவின் இடது இமையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடியப்புறம் நெஞ்சைப் பிடித்தபடி குசினி வாசலில் விழுந்தவர் எழும்பவில்லை. வலது கண் மூடிக்கொண்டது. இடது கண் விரலை எடுக்க எடுக்கத் திறந்தது.

"பிள்ளையின்ர கலியாணம் பாக்காத கண். லேசில மூடுமே?" என்றாள் பக்கத்து வீட்டுப் பூரணி.

லக்சனா முற்றத்துக்கு வந்தாள். பின்னேரக் கணினி வகுப்புக்கு அவள் செய்துகொண்டிருந்த கேமை நேற்று அப்பா எட்டிப் பார்த்திருந்தார்.

"என்ன பிள்ளை, கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரிக் கிடக்கு?"

"எல்லாக் கேமிலயும் இப்பிடித்தானப்பா."

"அப்ப எல்லாரும் சேந்து பிழை விடுறாங்கள்." சிரித்தார். "மற்றக் கண்ணும் திறந்திருக்கோணும். மூடினா, பக்கத்தில ஆர் வாறதெண்டு தெரியாது. கண்ணாடிக்குள்ள ஆள் பெரிசா நிப்பான். மற்றக் கண்ணில அதே ஆள் சின்னனா, கிணத்தடியில, வாளியைத் தூக்கித் தலையில ஊத்திக்கொண்டு..."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"லொறி ஓடின உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னதப்பா?"

"தேத்தண்ணி ஒண்டு ஊத்து பிள்ளை."

ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டிருந்தாள்.

சாம்பல்தீவிலிருந்து வந்த சித்தப்பா பந்தலுக்குக் குருத்தோலை பின்னிக்கொண்டிருந்தார். பிள்ளைகளில் ஆண் இல்லாததால் கொள்ளி வைக்கப்போகிறவர் அவர்தான்.

"சித்தப்பா, அப்பா துவக்குத் தூக்கினவரே?"

அவர் கை நின்றது. தெருப் படலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "ஆர் சொன்னது?"

"அப்பாதான். நேற்று. கிணத்தடியில குளிச்ச ஒரு ஆளைப் பற்றி."

"எங்கட அம்மா சாகுமட்டும் கேட்டவ. அண்ணன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை." ஓலையை மறுபடி கையில் எடுத்தார். எந்தப் பக்கம் மடிப்பதென்று மறந்தவர்போல் வைத்துக்கொண்டிருந்தார். "உனக்கெண்டாலும் சொன்னாரே."

"அந்த ஆளுக்கு என்ன நடந்தது, சித்தப்பா?"

"எனக்கெப்பிடியம்மா தெரியும்? தெரிஞ்சவர் உள்ள கிடக்கிறார்."

வாசலில் அம்மா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "செத்த வீட்டில கதைக்கிற கதையே இது? வா, வந்து நீ ஒருக்கா மூடிப் பார். எனக்கு ஏலாது."

லக்சனா உள்ளங்கையைக் கண்மேல் வைத்தாள். இமை குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எடுத்தாள். திறந்துகொண்டது.

"விடுங்கோ அம்மா. கிடக்கட்டும்."

பின்னேரம் ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீடு கழுவினார்கள். லக்சனா முழுகிவிட்டு வந்து, ஈரத்தலையோடு கொப்பியைத் திறந்தாள்.

ஓகஸ்ட் 12, திங்கள். நாளை சாம்பல் அள்ளும் காடாத்துக்குப் பாலும் இளநீரும் வாங்க வேண்டும். பிறகு அந்தக் கறுப்பை எடுக்க வேண்டும்.