மாத்திரைக்குப் பழக்கமானவர்கள்

எங்கள் கழிவுநீர் நிலையத்தில் மாத்திரைகள் உட்காருவதற்கென்று ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம். காற்றடிக்கும் தொட்டியின் ஓரத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையைக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். விழுங்கியதிலும் பாதி வெளியே வந்துவிடும். எல்லாம் குழாய் வழியாக எங்களிடம்தான் வந்து சேரும். வேறெங்கே போகும்?

தொட்டியில் இருப்பவர்கள் கிருமிகள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அவர்கள் வேலை. மாத்திரைகள் கிருமிகளைக் கொல்லப் பிறந்தவை. ஆனால் இவ்வளவு தூரம் வருவதற்குள் கரைந்து நோஞ்சானாகிவிடும். சண்டைக்குத் தெம்பு இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்து, "சாப்டாச்சுங்களா?" என்று கேட்கும்.

எனக்கு அது பிடிக்கவேயில்லை. மேற்பார்வையாளர் தங்கவேலுவிடம் சொன்னேன்.

"சார், கொல்ல வந்தவங்க சவுக்கியம் விசாரிச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"தண்ணி தெளிவா வருதா?"

"வருதுங்க."

"அப்பறம் என்ன அம்மிணி?"

அந்தத் தெளிந்த தண்ணீரோடுதான் தொட்டிக்காரக் கிருமிகள் சிலர் வாய்க்காலுக்குப் போவார்கள். அந்த வாய்க்காலை நம்பித்தான் என் வீட்டுக்காரர் நாட்ராயன் கீரை போட்டிருக்கிறார்.

வாய்க்கால் தண்ணீர் நின்ற கீரைப் பாத்தியில் மண்வெட்டி அவர் காலில் பட்டது. சின்னக் காயம்தான். மறுநாள் கால் முழங்கால் வரை வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வீட்டுக்காரர் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் மாத்திரை சமையலறைக்கு நடந்து வந்தது. அதன் சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"உள்ள போனனுங்க. அங்க இருக்கறவங்க அத்தனை பேரும் தொட்டியோரத்துப் பெஞ்சுல நமக்குப் பழக்கமுங்க. பாத்ததும் எந்திரிச்சு கும்புட்டாங்க."

"அதுக்கு?"

"பழகின முகத்துல எப்படிங்க கை ஓங்கறது?"

"உன்னை முழுங்கினதுக்கு ஒரு சொம்பு பச்சத்தண்ணியக் குடிச்சிருக்கலாம்" என்றேன். அது தலையாட்டிவிட்டு, டீ கிடைக்குமா என்று கேட்டது.

டாக்டர் அடுத்ததாக விலை கூடிய மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. "போனவன் எனக்குப் பங்காளிங்க. அவனுக்குப் பழக்கம்னா எனக்கும் பழக்கம்தானுங்களே" என்றது.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குதும்மா. ஊசி. அது யாரோடயும் பேசாது. வெளியூர்ல இருந்து நாளைக்குத்தான் வரும்."

"அதுவரைக்கும்?"

"உள்ள இருக்கறவங்களை அவரு தாங்கிக்குவாரு. புதுசா ஒருத்தரைக்கூட விட்டுறாதீங்க. விட்டா ஆள் தங்க மாட்டாரு."

சாயங்காலம் தொட்டிக்காரர்கள் வந்தார்கள். காயம்பட்டவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பையில் ரொட்டியும் சாத்துக்குடியும் வைத்திருந்தார்கள். தெரு முனை வரை நின்றார்கள். அதற்கப்பாலும் நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தலைமுறைக்கும் பகை. சொல்லிவிட்டால் போகச் சொல்ல முடியாது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

அவர்களுக்கு என் மேல் கோபமில்லை. ஒருத்தரும் முண்டவில்லை. சாத்துக்குடிப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அழுவதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

உள்ளே கட்டில் முனகியது.

"அம்மிணி, வாசல்ல யாரு?"

நான் திரும்பி, வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். காய்ச்சலில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"வந்தவங்களை வெளிய நிக்க வெச்சுட்டு ஊமையாட்ட உக்காந்திருக்கற. ஊரு என்ன பேசும்?"

என் வீட்டுக்காரர் வீங்கிய காலை இழுத்து எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

அவர்கள் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.