நடை சரியா இருக்கா

மகள் நடந்துபோவதாகத் தான் வரைந்த சின்ன வீடியோத் துண்டை அவன் இணையத்தில் ஓர் அனிமேஷன் குழுவில் போட்டான். "இன்னும் முடிக்கல. நடை சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க." அவள் இறந்துபோன தன் மகள் என்று எழுதவில்லை. எழுதினால் ஆறுதல் சொல்வார்கள். அவனுக்கு ஆறுதல் வேண்டாம். திரையில் அவளுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

விளம்பரக் கம்பெனியில் துள்ளுகிற சோப்பையும் சிரிக்கிற பல்லையும் ஆட்டிவைத்தே காலம் தள்ளியவன். மகளுடைய வீடியோக்களில் எல்லாம் அவள் உட்கார்ந்து பேசினாள், பாடினாள். ஒருத்தர் சும்மா நடப்பதை யார் படமெடுத்து வைக்கிறார்கள்? ஞாபகத்திலிருந்துதான் வரைந்தான்.

"பொண்ணு அழகு, நடைதான் உதைக்குது ப்ரோ." "இடது கால் தரையில பதியாம மிதக்குதே." பெரிய ஸ்டுடியோக்காரர் ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார்: "இடது கால் பின்தங்குது. இடுப்ப கொஞ்சம் இறக்குங்க, சரியாயிடும்."

பிறந்ததிலிருந்தே அவள் இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். அதை எழுதப்போனவன் நிறுத்திக்கொண்டான். கால் மிதப்பது உண்மைதானே? இடுப்பை இறக்கிப் போட்டான். "இப்ப பரவால்ல." பாதத்தை அழுத்தினான், தோளை நிமிர்த்தினான். ஒவ்வொரு பாராட்டுக்கும் இன்னும் கொஞ்சம் திருத்தினான். கடைசியில் கைத்தட்டல் குவிந்தது. "செம! இப்பதான் உயிர் வந்திருக்கு!"

திரையில் யார் வீட்டுப் பெண்ணோ ஒய்யாரமாக நடந்துகொண்டிருந்தாள். பதறிப்போய் முதலில் வரைந்ததைத் திறந்தான். அதுவும் அவளாக இல்லை. கண்ணை மூடினால் திருத்தியவள்தான் நடந்தாள்.

படுக்கையறைக்கு ஓடினான். மகள் போனதிலிருந்து மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பிடக்கூடக் கெஞ்ச வேண்டும்.

"பாப்பா எப்படி நடப்பா?"

அவள் மெல்லத் திரும்பினாள்.

"எனக்கு மறந்துபோச்சும்மா. எல்லாரும் சொன்னாங்கன்னு மாத்தி மாத்தி... இப்ப ஞாபகமே வரமாட்டேங்குது."

"எம் பொண்ணு நடையப் போயி ஊராங்ககிட்ட கேட்டீங்களா?"

அவள் கட்டிலைப் பிடித்து எழுந்தாள். வெயில் விழுந்த கூடத்துக்கு வந்து, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, இடது காலை இழுத்து நடந்தாள். ஜன்னல்வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இல்ல," என்றாள். "இப்படி இல்ல."

மறுபடி நடந்தாள். மறுபடியும் தலையை ஆட்டினாள்.

"தோளு கொஞ்சம் சாயும்ல?" என்றான் அவன்.

"எந்தத் தோளு?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் பின்னால் போய் நின்று, தன் இடது காலைத் தரையில் உரசியபடி அவனும் நடக்க ஆரம்பித்தான்.