பாதாள நண்டும் செவ்வாய் அட்டையும்

மங்களத்தை இதுவரை இரண்டு மாப்பிள்ளை வீட்டார் பார்த்துச் சென்றிருந்தனர். இருவரும் சொல்லியனுப்பிய மறுமொழி ஒன்றே: பெண் அதிகம் பேசுகிறாள். ஆகவே, 1963ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சோங் பகாரிலிருந்து மூன்றாவது வீட்டார் பஃபலோ ரோட்டு மாடி வீட்டிற்கு வந்து சேருமுன்பே, தாயார் தங்கம் மகளின் கூந்தலில் மல்லிகையைச் செருகிக்கொண்டே எச்சரித்தார்.

“கேட்டா தலையாட்டு. சிரிச்சா போதும். வாயைத் தொறந்தே, இதுவும் போச்சு.”

மங்களம் ஒப்புக்கொண்டாள். இம்முறை அவளுக்கே விருப்பம் இருந்தது. தரகர் கொடுத்த நிழற்படத்தில் அழகப்பன், மற்ற மாப்பிள்ளைகளைப்போல் விறைத்து நில்லாமல், படம் பிடிப்பவரிடம் ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தவன்போல் வாய் பாதி திறந்து காணப்பட்டான். அதை அவள் ஒரு வாரமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

வந்தவர்கள் இருவர்: துறைமுக அலுவலகத்தில் வரைபடம் வரையும் அழகப்பன், அவனுடைய தாயார் பூவம்மா. சமையல் தெரியுமா, கோலம் போட வருமா என்று பூவம்மா வினவினார். மங்களம் தலையாட்டினாள். காபி வந்தது, ஆறியும் போயிற்று.

“தம்பி, நீங்க ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க,” என்றார் பெண்ணின் தந்தை கோவிந்தசாமி.

அழகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “கடைசியா என்ன படம் பார்த்தீங்க?”

தலையாட்டி விடை கூற இயலாத வினா அது. மங்களம் தாயை நோக்கினாள். தாய் கண்ணாலேயே இசைவு தந்தார்.

“பாதாள நண்டு.”

அந்நாளில் நகரையே கலக்கிய ஆங்கிலப் படம் அது. அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழுந்து கடலினின்றும் வெளிப்படும் நண்டொன்று, தன் இரு கொடுக்குகளால் ஒரு துறைமுகத்தையே நறுக்கித் தள்ளிவிடும். அழகப்பனின் முகம் மலர்ந்தது.

“நானும் பார்த்தேன். நல்ல படந்தான். ஆனா செவ்வாய் அட்டை முன்னாடி அது நிக்காது லா.”

செவ்வாய் அட்டை என்பது வேறொரு படத்து விலங்கு. விண்கல்லில் ஒட்டிக்கொண்டு வந்து, ஒரு மாநகரின் மின்சாரம் முழுவதையும் உறிஞ்சி, மலையளவு பருத்துவிடும்.

மங்களம் குனிந்து பாயின் கோடுகளை எண்ணினாள். பதினேழு வரை எண்ணினாள்; அதற்குமேல் அவளால் பொறுக்க இயலவில்லை.

“எப்படி நிக்காது?”

தங்கம் இருமினார்.

“பீரங்கியே தொளைக்காத ஓடு. ஒங்க அட்டை எங்க வாய் வைக்கும்?” என்றாள் மங்களம்.

“கால் மூட்டுல. அங்க ஓடு மெல்லிசு.”

“கொடுக்கு சும்மா இருக்குமா? ரெண்டா நறுக்கிடும்.”

“நறுக்கட்டும். ரெண்டா நறுக்கினா ரெண்டு அட்டை. படத்துலயே வருதே, நீங்க பார்க்கல?”

“அதையும் மூணு தடவை பார்த்தேன்.”

தங்கம் மீண்டும் இருமினார். இம்முறை மெய்யாகவே புரையேறிற்று. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்று திணறினார். “வீட்ல இவ இப்படியெல்லாம் பேசவே மாட்டா.”

பூவம்மா கையமர்த்தினார். “இருங்க. அந்த நண்டு எவ்ளோ பெருசு?”

“நாலு மாடி ஒசரம்,” என்றாள் மங்களம்.

“மல்லாத்திப் போட்டா காலை அடிச்சிக்கிட்டே கெடக்கும். வயித்து மூடியைப் பேத்தா முடிஞ்சுது,” என்றார் பூவம்மா.

“எங்கம்மா நாப்பது வருஷமா நண்டு ஆயறாங்க,” என்று அழகப்பன் பெருமையோடு நிமிர்ந்தான்.

“யாரு மல்லாத்துறது? அட்டைக்குக் கையா இருக்கு?” என்று மடக்கினாள் மங்களம்.

பூவம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். “அதுவும் சரிதான். கையில்லியே அதுக்கு.”

கோவிந்தசாமி பத்தாண்டுகள் ஜோகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் மெல்ல வாய் திறந்தார். “அட்டைக்கு உப்பு ஆகாது. தோட்டத்துல கால் பூரா ஏறும். ஒரு சிட்டிகை போட்டா சுருண்டு விழுந்துடும்.”

மங்களம் எழுந்தே நின்றுவிட்டாள். “நண்டு எங்கேருந்து வருது? கடல்லேருந்து. ஒடம்பு பூரா உப்பு. வாய் வெச்ச எடத்துலயே அட்டை செத்துச்சு.”

“இது செவ்வாய் கிரகத்து அட்டைங்க. அதுக்கு உப்பு ஒண்ணும் செய்யாது.”

“போட்டுப் பார்த்தீங்களா?”

அழகப்பன் விரல்களைக் குவித்து, இல்லாத உப்பைத் தூவிப் பார்த்தான். அப்போதுதான் மங்களம், தான் நிற்பதையும், மல்லிகை தோளில் சரிந்து கிடப்பதையும், தாயின் முகம் வெளுத்திருப்பதையும் கண்டாள். மெல்லப் பாயில் அமர்ந்தாள். மூன்றாவது மறுமொழியும் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிழற்படத்தை இனித் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பூவம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. புடைவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எல்லாரும் எழுந்தனர்.

“ஏம்மா,” என்று தங்கத்தை நோக்கிக் கேட்டார், “சோறு வடிச்சிட்டீங்களா?”

தங்கத்திற்கு முதலில் விளங்கவில்லை. சம்பந்தம் முடிவாகுமுன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபி குடிப்பார்கள், பழம் தின்பார்கள். சோற்றில் மட்டும் கை நனைக்கமாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்பது பொருள். அதற்குமேல் ஆள்விட்டுச் சொல்லியனுப்பத் தேவையில்லை.

“ரசமும் அவரைக்காயுந்தான்...” என்றார் தங்கம்.

“அது போதும். எம்மவன் பேச ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவங்க எழுந்து போயிடுவாங்க. எதுத்துப் பேசறவளை இப்பத்தான் பார்க்கறேன்.”

இலை விரிக்கப்பட்டது. கோவிந்தசாமி நீர்ச் செம்பைத் தேடி அடுக்களைக்குள் மூன்றுமுறை போய் வெறுங்கையோடு திரும்பினார். மங்களம் பரிமாறினாள். அழகப்பன் சோற்றைத் தொடாமல் நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

“தோட்டத்து அட்டை வேற, செவ்வாய் அட்டை வேற. நான் இன்னும் ஒத்துக்கல.”

“மொதல்ல கையை நனைப்பா,” என்றார் பூவம்மா. “ஒத்துக்கறதுக்கு ஆயுசு பூரா கெடக்கு.”

அழகப்பன் கை நனைத்தான். நனைத்த விரலாலேயே, செவ்வாய் அட்டையின் வாய் எத்தனை வளையங்களால் ஆனது என்பதை இலையின் ஓரத்தில் ரசத்தால் வரையத் தொடங்கினான். மங்களம் கரண்டியோடு குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“ஒரு வளையம் கொறையுது,” என்றாள்.