விஜயத்தின் மனநிறைவுப் படிவம்

1.
இந்தக் கதையை நானே கற்பனை செய்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. 1983இல் மதுரையில் எங்கள் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ‘பணியில் மனநிறைவு’ என்றொரு படிவம் வந்தது. ஆண்கள் டீ ஆறுவதற்குள் நிரப்பிக் கொடுத்துவிட்டோம். பெண்கள் ஐந்து பேரும் “வீட்ல கேட்டுட்டு வாரேன்” என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஐந்து படிவங்களும் பரம திருப்தியோடு திரும்பின. ஐந்தையும் எழுதியது வீட்டு ஆண்கள்.

2.
தொடக்கம்: ‘டைப்பிஸ்ட் விஜயம் கண்ணீர் மல்க ஜன்னலோரம்—’

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.)

படிவங்களைச் சேர்த்து அனுப்புவது என் வேலை. அவள் படிவத்தில் இருந்தது மாமனார் சீதாராமனின் எழுத்து. எங்கள் ஆபீஸிலேயே ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். பழைய ஃபைல்களில் தினமும் பார்க்கிற எழுத்து, அடையாளம் தப்பாது. கடைசிக் கேள்வி: ‘ஹெட் கிளார்க்காக மேலூர் செல்ல விருப்பமா?’ பதில்: ‘இல்லை.’ மாலைத் தபாலில் அது போய்விட்டால், விஜயம் பதினோரு வருடம் காத்திருந்த பதவி போச்சு.

3.
விளாங்குடியில் அவர்கள் வீட்டுக்குள் நான் இருக்கவில்லை. ஆகவே இட்டுக்கட்டுகிறேன்.

“மனநிறைவா? முப்பத்திநாலு வருஷம் உழைச்சேன், என்னை ஒருத்தன் கேட்டானா?” என்கிறார் சீதாராமன். “மேலூருக்கு ரெண்டு பஸ் மாறணும். கார்த்தால காபி யார் போடுவா?”

கணவன் பசுபதி பேப்பர் படிக்கிறான். (இவனுக்கு ஒரு வசனம் கொடுக்க மூன்று முறை முயன்றேன். வாயைத் திறக்க மாட்டேனென்கிறான்.)

4.
முடிவு ஒன்று: விஜயம் படிவத்தைக் கிழித்தெறிகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள், அவளுக்கு மெமோ வரும்.

முடிவு இரண்டு, நிஜமாகவே நடந்தது: அதற்குப் பதிலாக நான் ஒரு புதுப் படிவம் எடுத்து, ‘விருப்பம் உண்டு’ என்று எழுதி நீட்டினேன். (அவள் மறுத்தால் அந்தப் பதவிக்கு அடுத்த ஆள் நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எவ்வளவு உத்தமன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?)

“கையெழுத்து மட்டும் போடுங்க மேடம். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

விஜயம் நிதானமாக வாசித்தாள். “எங்க மாமனாரைவிட நீங்க அழகா எழுதறேள், நல்லகாமன் சார்” என்றாள். “எழுதாத படிவம் ஒண்ணு கொடுங்கோ.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொடுத்தேன். அவளே எழுதி, கவரில் போட்டு, கோந்து தடவி ஒட்டித் தபாலில் சேர்த்தாள்.

5.
என்ன எழுதினாள்? பிறகு மேலூர் போனது யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் எழுதிய இடத்தை மட்டும் காலியாக விடுகிறேன்.

மேலூர் செல்ல விருப்பமா? ....................

அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டீர்களே, அவளைக் கேட்டீர்களா?