இலையா, இல்லையா?

ஆய்வுக்கூடத்து நிரஞ்சனாவின் அறிக்கையைப் படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கறிவேப்பிலைச் சாறு கலந்த கோழி சாசேஜ் ஆறாம் நாளே கெட்டுவிட்டதாம். ஒன்றுமே கலக்காதது பத்து நாளும் பத்திரமாக இருந்ததாம்.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் இருக்கும் சாசேஜ் பட்டறையில் பதினோரு வருடமாகப் பொட்டலம் கட்டுகிறவள் நான். இறைச்சி கெடாமலிருக்கப் போடும் ரசாயனத் தூளுக்குப் பதில் இலைச் சாறு ஊற்றிப் பார்ப்போம் என்று முதலாளி யாக்கூப்பின் உயிரை வாங்கியவளும் நான்தான். குவீன்ஸ்டவுன் ஆய்வுக்கூடத்தில் பத்து நாள் தாங்கினால் அந்த சாசேஜ் முழுக்க உன் பொறுப்பு, தாங்காவிட்டால் இனி இலைப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதற்காக தேக்கா மார்க்கெட்டிலிருந்து எத்தனை கட்டு கறிவேப்பிலை சுமந்திருப்பேன்!

அறிக்கையைப் பார்த்த யாக்கூப்போ குஷியாகிவிட்டார்.

"இலையும் வேணாம், தூளும் வேணாம். சும்மா விட்டாலே நிக்குது லா," என்றார், பேச்சுக்கு வால்போல் ஒட்டும் அந்த 'லா'வோடு.

சும்மா விட்ட கோழி பத்து நாள் நிற்குமா? எங்கள் வீட்டுப் பூனைகூட நம்பாது. போனை ஸ்பீக்கரில் போட்டு நிரஞ்சனாவைப் பிடித்தேன். வாசனைகூடவா தெரியவில்லை, மூக்கைக் கழற்றி வைத்திருந்தாயா என்று காய்ச்சி எடுத்தேன். முகக்கவசம் போட்டிருந்தாளாம். சரி, நான் அனுப்பிய டப்பாக்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"ஒன்னுல 'கறி'ன்னு இருந்துச்சுக்கா. கறிவேப்பிலைன்னு முழுசா எழுத சோம்பல் போலன்னு நெனச்சேன்."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கறி என்றால் இறைச்சி. வெறும் இறைச்சி என்று சொல்லத்தான் அப்படி எழுதினேன். தமிழ்ப் பிள்ளைதானே, புரிந்துகொள்வாள் என்ற மிதப்பு.

"இன்னொன்னுல?"

"'இலை'ன்னு இருந்துச்சு. அவசரத்துல ஒரு 'ல்' விட்டுட்டீங்க, 'இல்லை'தான், ஒன்னும் கலக்கலன்னு அர்த்தம்னு..."

அவள் முடிக்கவில்லை. யாக்கூப் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். போனுக்குள் நிரஞ்சனா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்தாள். பத்து நாள் நின்றது என் இலை! கெட்டுப்போனது வெறும் கறி! நான் எழுந்து ஆடாத குறைதான்.

அரை மணி நேரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. யாக்கூப் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு சாறு காய்ச்சும் அறையின் சாவியை என் பக்கம் நகர்த்தினார்.

"நாளையிலேருந்து எல்லாம் உன் பொறுப்பு, ருக்கையா," என்றார். "லேபிள் எழுதறத மட்டும் வேற ஆள்கிட்ட விட்டுரு லா."