இருநூறு பக்கத்துக்கு ஒரே மெட்டு

பெரிய வியாழன் மதியம் இரண்டு மணிக்குப் பாடுகிறவர்கள் மாறினார்கள். புதிதாக உட்கார்ந்த நான்கு பெண்களும் நான் கொடுத்த சுருதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வேறெங்கோ ஆரம்பித்தார்கள். கர்த்தரின் பாடுகள் ஒரு பக்கம் போயின, என் கிட்டார் இன்னொரு பக்கம் போனது. மூன்றாவது செய்யுளில் நாத்தனார் கோரசோன் திரும்பி என்னைப் பார்த்தார்.

திருப்பாடுகள் புத்தகத்தைப் புதன் காலையில் திறந்தால், ஆட்கள் முறை மாற்றிப் பாடி முடிக்கும்வரை குரல் நிற்கக்கூடாது. அது எங்கள் வீட்டு நேர்ச்சை. வழக்கமாகக் கிட்டார் வாசிக்கும் டோமெங் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால், நான் வாசிக்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன். மூன்று வருஷமாகத் தையல் கடை வேலை முடிந்ததும் போனைப் பார்த்துப் பழகியவள் நான். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று படம் இருந்தால் எந்தப் பாட்டும் வரும். படம் இல்லையென்றால் ஒன்றும் வராது.

அதனால் ஒரு மாதம் உட்கார்ந்து புத்தகத்தில் ஒவ்வொரு செய்யுளுக்கு மேலும் பென்சிலால் கார்டுகளை, அதாவது சேர்த்து மீட்ட வேண்டிய ஸ்வரக் கூட்டுகளின் பெயர்களை, எழுதினேன். ஐந்தைந்து வரிச் செய்யுள்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு, அதே நான்கு கார்டுகள். அறுபதாம் பக்கத்தில்தான் அது எனக்கே உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, எழுதாத பக்கத்தில் கை நின்றுவிடுமோ என்று பயம். இருநூறு பக்கமும் எழுதி முடித்ததைப் பார்த்து என் கணவர் ரோமெல் இரண்டு நாள் சிரித்தார்.

காலையில் பாடியவர்கள் எங்கள் கடைப் பெண்கள், என் சுருதிக்கு அடங்கி வந்தார்கள். இவர்களோ ஆற்றங்கரைத் தெரு மீன்காரிகள். சுருதியை மாற்றக் கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வியை ஒரு கட்டம் ஏற்றினேன், இறக்கினேன், எதுவும் ஒட்டவில்லை. கோரசோன் என் காதருகே குனிந்தார்.

"நாலு மணிக்கு நார்சிசோவ வரச் சொல்லிட்டேன். கீபோர்டு கொண்டு வரான்."

"அவங்கதான் அக்கா சுருதி தப்பிப் பாடுறாங்க."

"அவங்க இருபது வருஷமா இங்கதான் பாடுறாங்க, லெர்மா. நீதான் இன்னைக்கு வந்திருக்க."

எழுந்து போய்விடலாம் போல ஆத்திரம் வந்தது. போனால் தெரு முழுக்கத் தெரியும், அப்புறம் இந்த வீட்டில் கிட்டாரைத் தொட முடியாது. கவ்வியைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு சும்மா கேட்டேன். வேறு வேலை இல்லை.

ஒவ்வொரு ஐந்தாம் வரி முடிவிலும் நான்கு குரல்களும் ஒரே இடத்தில் இறங்கி உட்கார்ந்தன. தடித்த கம்பியில் அந்த இடத்தைத் தேடினேன். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்தது, எந்தப் படத்திலும் இல்லாத இடம். முறுக்காணியைக் கொஞ்சம் திருகி அதைப் பிடித்தேன். அந்த ஒரு கம்பியை மட்டும், அவர்கள் உட்காரும்போது மட்டும் தொட்டேன். அப்போதுதான் மற்ற வரிகள் காதில் விழுந்தன. அந்த இறங்கும் இடம் வீடு என்றால், மூன்றாம் வரி வீட்டை விட்டுக் கிளம்புகிறது, நான்காம் வரி வாசலுக்கு வெளியே நின்று தயங்குகிறது. நான் எழுதி வைத்த கார்டுகள் அந்தக் கிளம்புதலுக்கும் தயக்கத்துக்கும் வைத்த பெயர்கள், அவ்வளவுதான். இருநூறு பக்கம் எழுதியவளுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றரை மணிக்குமேல் குரல்கள் மெல்ல ஏறின. என் கை ஏற்கெனவே முறுக்காணியைத் திருகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். மீன்காரிகளில் ஒருத்தி பாடிக்கொண்டே நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

நான்கு மணிக்குச் சொன்னபடி நார்சிசோ கீபோர்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான். கோரசோன் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதலில் இஞ்சித் தேநீர் குடி என்று அவனிடம் சொன்னார். பெண்கள் கடைசிச் செய்யுளில் இருக்கும்போதே அடுத்த முறைக்கான ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். யாருடைய குரலும் எனக்குப் பழக்கமில்லை. மூத்தவர் என் பக்கம் சாய்ந்து சுருதி கேட்டார்.

"நீங்க ஆரம்பிங்க," என்றேன்.

பின்னால் நார்சிசோ பிளக் பாயிண்டைத் தேடிக்கொண்டிருந்தான். பெண்களின் குரல் இறங்கி முடிந்தது. மூத்தவர் மூச்சை இழுத்தார். என் வலது கை கம்பிகளுக்கு மேலே, தொடாமல் நின்றது.